‘வாய்த்தகராறு’ என்று எழுதாதீர்கள்: ராமநாதபுரம் மாவட்டக் காவல் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்களுக்கும், தொண்டி முதல் தனுஷ்கோடி வரையிலும் அங்கிருந்து மூக்கையூர் வரையிலும் உள்ள கடற்கரைக் காவல் நிலையங்களின் ஆய்வாளர்கள், சார்பு ஆய்வாளர்கள், குறிப்பாக நிலைய எழுத்தர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த மடல் இரண்டு காகிதங்களைப் பற்றியது. இந்தக் கரையில் உள்ள காவல் நிலையம் ஒன்றில் என் தம்பிக்காக நான் கொடுத்த புகாருக்குக் கிடைத்த, சி.எஸ்.ஆர். என்கிற மனு ஏற்பு ரசீதும், பத்து நாள் கழித்து அந்த மனுவை முடித்துவைத்த குறிப்பின் நகலும் என்னிடம் இருக்கின்றன. நிலையத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அங்கே நடந்தது அந்த ஒரு நிலையத்தின் வழக்கம் மட்டுமன்று என்பதை, சிறப்புப் பள்ளி வாசலில் பல ஆண்டுகளாக என்னோடு காத்திருந்த தாய்மார்கள் சொல்லக் கேட்டு அறிந்திருக்கிறேன்.

என் தம்பிக்கு வயது 29. பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு உள்ளவன். மீன் ஏலம் நடக்கும் இடத்தில் ஐஸ் உடைத்துக் கொடுப்பான், கூடை தூக்குவான். கொடுக்கிற காசை அவனுக்கு எண்ணத் தெரியாது. ஆனால் எந்தக் கூடை எந்த வியாபாரிக்கு உரியது என்பதில் ஒருநாளும் தவறியதில்லை. அரசு தருகிற மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை அவன் வங்கிக் கணக்கில் விழுகிறது. அவன் ‘கூட்டாளி’ என்று சொல்கிற நான்கு இளைஞர்கள் ஒரு பரோட்டாவையும் கலரையும் வாங்கிக் கொடுத்துவிட்டு, அவனுடைய ஏ.டி.எம். அட்டையை வாங்கிப் பணம் எடுத்துக்கொள்வது எங்களுக்குத் தெரியாமலே ஏழெட்டு மாதம் நடந்திருக்கிறது. சென்ற மீன்பிடித் தடைக்காலம் முடிந்து போட்டுகள் கடலுக்குப் போன இரவில், அவர்கள் அவனைக் கரையில் ஏற்றிவைத்திருந்த ஒரு வத்தையின் (நாட்டுப்படகின்) ஓரத்தில் உட்காரவைத்து, பாதித் தலையையும் ஒரு புருவத்தையும் மழித்து, ‘லூசு, சல்யூட் அடி’ என்று திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தபடி அதைக் கைப்பேசியில் படம் பிடித்தார்கள். விடிவதற்குள் அந்தப் படம் ஊரின் வாட்ஸ்அப் குழுக்களுக்கெல்லாம் போய்விட்டது. காலையில் அவன் ஏலத்துக்குப் போனபோது மீன்கூடைப் பெண்கள் சிலர் அழுதார்கள், பலர் சிரித்தார்கள், அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். வீட்டுக்கு வந்த பிறகுதான், புருவம் இருந்த இடத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்தான்.

நான்கு பக்கத்துக்குப் புகார் எழுதிக்கொண்டு போனேன். நிலையத்தில் யாரும் எங்களைக் கடிந்து பேசவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தம்பிக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார்கள், மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்தார்கள். ஆனால் ரசீதில் ‘மனுதாரரின் தம்பிக்கும் எதிர்மனுதாரர்களுக்கும் ஏற்பட்ட வாய்த்தகராறு சம்பந்தமாக’ என்று எழுதியிருந்தது. பத்து நாள் கழித்து, ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில், ‘இரு தரப்பினரும் சமாதானமாகப் போவதாக எழுதிக் கொடுத்ததன் பேரில் மேல் நடவடிக்கை தேவையில்லை’ என்று மனு முடிந்தது. என் தம்பி அந்தக் காகிதத்தில் பெருவிரல் ரேகை வைத்தான். அன்று நாள் முழுவதும், ஓட்டுப் போட்டு வந்தவன் காட்டுவதைப் போல, மை படிந்த விரலை எல்லாரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தான்.

வாய்த்தகராறுக்கு இரண்டு வாய் வேண்டும். என் தம்பியால் சேர்ந்தாற்போல் நான்கு சொல் பேச முடியாது. அந்த நான்கு பேருக்கும் அவனுக்கும் நிலத்தகராறு இல்லை, கொடுக்கல் வாங்கல் இல்லை, வலை அறுந்த பிரச்சினை இல்லை. அவனை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு, அதை அவர்களே தங்கள் வாயால் அந்தப் படத்தில் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சொல் என் புகாரின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது, ரசீதில் இல்லை. அவன் மாற்றுத்திறனாளி என்ற செய்தியும், அவனுடைய தனித்துவ அடையாள அட்டையின் எண்ணும், உதவித்தொகை பறிபோன கதையும் ரசீதில் இல்லை. காவல் நிலையப் பதிவேட்டைப் பொறுத்தவரை, ஐந்து இளைஞர்கள் கரையில் சத்தம் போட்டுக்கொண்டார்கள், பிறகு சமாதானம் ஆனார்கள், அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

நிலைய எழுத்தர்களைத் தனியாக விளித்ததற்குக் காரணம் இதுதான். புகாரின் முதல் வரியை எழுதுவது நீங்கள். அதன் பிறகு ஆய்வாளர் படிப்பதும், அரசு வழக்கறிஞர் படிப்பதும், மாதக் கடைசியில் மாவட்ட அலுவலகத்துக்குப் போகிற கணக்கில் ஏறுவதும் உங்கள் வரிதான். வேலைப் பளு எனக்குத் தெரியும். ஒரு நாளில் எத்தனை மனு, எத்தனை திருவிழா பந்தோபஸ்து, எத்தனை நீதிமன்றத் தேதி என்பதை அந்தப் பத்து நாளில் நிலையத்தின் பெஞ்சில் உட்கார்ந்து நானே பார்த்தேன். அப்படியிருந்தும் கேட்கிறேன், ஏனென்றால் நான் கேட்பது புதிய சட்டம் ஒன்றையும் அன்று.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19 அன்று. அதன் 92ஆம் பிரிவு, பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் ஒரு மாற்றுத்திறனாளியை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே அவமதிப்பதையும் மிரட்டுவதையும், அவரை அவமானப்படுத்தும் நோக்கத்தோடு தாக்குவதையும் பலவந்தம் செய்வதையும் தனிக் குற்றமாக்கி, ஆறு மாதத்துக்குக் குறையாத, ஐந்து ஆண்டு வரை நீளக்கூடிய சிறைத்தண்டனையும் அபராதமும் விதிக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளைத் தடுக்கும் 1989ஆம் ஆண்டுச் சட்டத்தை இந்த மாவட்டத்துக் காவலர்கள் நன்கு அறிவீர்கள். பொது இடத்தில் சாதி சொல்லி இழிவுபடுத்தினால் அதை ‘வாய்த்தகராறு’ என்று எழுதக்கூடாது என்பது நெடுங்காலப் போராட்டத்துக்குப் பிறகு நிலையங்களுக்குள் வந்து சேர்ந்த பாடம். ‘லூசு’ என்று சொல்லிப் புருவத்தை மழிப்பதும் அதே வகையைச் சேர்ந்த செயல்தான் என்பதை 92ஆம் பிரிவு ஏறத்தாழ அதே சொற்களில் சொல்கிறது.

மூன்று ஆண்டோ அதற்கு மேலோ சிறை விதிக்கத்தக்க சிறப்புச் சட்டக் குற்றம் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் என்பது பழைய, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டங்கள் இரண்டின் முதல் அட்டவணையிலுமே இருக்கிறது. அத்தகைய குற்றம் புகாரில் தெரியவந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, இந்த அளவு தண்டனையுள்ள குற்றங்களில் துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்த இடம் தருவது உண்மைதான். ஆனால் அது வழக்குக்கு முகாந்திரம் இருக்கிறதா என்று பார்ப்பதற்குத் தரப்பட்ட காலம். ஊர்ப் பெரியவர்களை அழைத்துச் சமாதானம் பேசுவதற்குத் தரப்பட்ட காலம் அன்று.

சமாதானத்தை நான் இழிவாகப் பேசவில்லை. விசைப்படகுக்காரர்களுக்கும் நாட்டுப்படகுக்காரர்களுக்கும் வலை விஷயத்தில் சண்டை வந்தால், கூடிப் பேசித் தீர்த்துக்கொள்வதுதான் இந்தக் கரைக்கு நல்லது, தீர்த்தும் இருக்கிறோம். அங்கே இரண்டு பக்கமும் தனக்கு என்ன நட்டம் என்று சொல்லத் தெரிந்தவர்கள் உட்காருகிறார்கள். இங்கே ஒரு பக்கம், தான் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்றே அறியாதவன். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: அந்த நால்வரில் ஒருவனுடைய தகப்பனார் போட்டு முதலாளி, என் சித்தப்பா மகன் அந்தப் போட்டில்தான் கடலுக்குப் போகிறான். நாங்கள் ‘சமாதானம்’ என்று சொன்னதற்கு என்ன பொருள் என்பது கரையில் வாழ்கிற எவருக்கும் விளங்கும். அதனால்தான், இப்படிப்பட்ட புகாரில் குடும்பம் சம்மதித்துவிட்டது என்பது மனுவை முடிப்பதற்குப் போதுமான காரணமாக இருக்கக்கூடாது என்கிறேன்.

அடுத்தது, வாக்குமூலம். என் தம்பியிடம் ‘உன்னை அடிச்சாங்களா?’ என்று கேட்டார்கள், ‘ஆமா’ என்றான். ‘அடிக்கலதானே?’ என்று கேட்டார்கள், அதற்கும் ‘ஆமா’ என்றான். ‘என்ன தேதி, எத்தனை மணி?’ என்றதற்குப் பேசாமல் இருந்தான். இதை வைத்து, இவன் சொல்வது முன்னுக்குப்பின் முரண் என்று முடிவாகிவிட்டது. அறிவுசார் குறைபாடு உள்ள பலரிடம், அதிகாரம் உள்ளவர் என்ன கேட்டாலும் ‘ஆமா’ என்று சொல்லிவிடும் பழக்கம் உண்டு என்பது சிறப்பாசிரியர்கள் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. எதிர்த்துச் சொன்னால் அடி விழும் என்று வாழ்நாள் முழுக்கக் கற்றுக்கொண்டவர்களின் பழக்கம் அது. வீட்டில் நான் அவனிடம் ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். ‘போட்டெல்லாம் போன ராத்திரி’ என்றான். ‘தகர விளக்கு வச்சிருந்தான்’ என்றான். பிறகு, யார் என்று நான் கேட்காமலே, நான்கு போட்டுகளின் நிறத்தைச் சொன்னான். ஜூன் 14 நள்ளிரவோடு தடைக்காலம் முடிந்து எங்கள் துறையிலிருந்து போட்டுகள் கிளம்பிய இரவு எது என்பதை மீன்துறை அலுவலகம் சொல்லிவிடும். அந்தப் போட்டுகள் யார் வீட்டுப் போட்டுகள் என்பதை ஊரில் குழந்தைகூடச் சொல்லும். தேதியும் பெயரும் அவன் வாக்குமூலத்தில் இருந்தன. காவல் நிலையம் கேட்ட வடிவத்தில் இல்லை, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் சட்டம் உங்களுக்குத் துணையாக நிற்கிறது. மன அல்லது உடல் குறைபாடு உள்ளவரை விசாரணைக்காக அவர் வசிக்கும் இடத்தை விட்டு வேறெங்கும் வரச்சொல்லக் கூடாது என்பது புதிய நடைமுறைச் சட்டத்தின் 179ஆம் பிரிவு. என் தம்பி மூன்று முறை நிலையத்துக்கு வந்தான். பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்ட பெண்ணுக்குக் குறைபாடு இருந்தால், அவர் வீட்டிலோ அவர் விரும்பும் இடத்திலோ, சிறப்பாசிரியர் அல்லது மொழிபெயர்ப்பாளர் முன்னிலையில், காணொளிப் பதிவோடு தகவலை எழுத வேண்டும் என்று 173ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. மற்றக் குற்றங்களிலும் அதே முறையைப் பின்பற்றுவதற்கு எந்தத் தடையும் இல்லை. உரிமைகள் சட்டத்தின் 7ஆம் பிரிவோ, புகார் பெறும் காவல் அதிகாரி நான்கு செய்திகளைப் பாதிக்கப்பட்டவரிடம் சொல்லியாக வேண்டும் என்கிறது: நிர்வாக நடுவரிடம் பாதுகாப்புக் கோரலாம் என்பது, அருகில் உதவக்கூடிய அமைப்பு எது என்பது, இலவசச் சட்ட உதவி உண்டு என்பது, இந்தச் சட்டத்தின் கீழேயே புகார் கொடுக்கலாம் என்பது. இவற்றில் ஒன்றையும் நான் நிலையத்தில் கேள்விப்படவில்லை. பின்னர் ஒரு சிறப்பாசிரியை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் கரையில் இன்னொரு குழப்பமும் உண்டு, அது காகிதத்திலும் ஏறிவிடுகிறது. முடித்துவைத்த குறிப்பில் ஓரிடத்தில் என் தம்பியை ‘மனநிலை பாதிக்கப்பட்டவர்’ என்று எழுதியிருக்கிறார்கள். மனநோய் வேறு, அறிவுசார் குறைபாடு வேறு. முன்னது வந்து மருத்துவத்தால் குணமாகக்கூடியது, பின்னது வளர்ச்சியோடு சேர்ந்தே இருப்பது. உரிமைகள் சட்டத்தின் அட்டவணையிலும் இரண்டும் தனித்தனியாகவே உள்ளன. மனநோய் உள்ளவர்களைத் தர்காவுக்கு அழைத்துவந்து தங்கவைக்கும் ஏர்வாடி நம் மாவட்டத்தில் இருப்பதாலோ என்னவோ, இரண்டையும் ஒரே சொல்லால் தள்ளிவிடுகிற பழக்கம் இங்கே அதிகம்; ‘ஏர்வாடிக்கு அனுப்பு’ என்பது இந்தப் பக்கத்துக் குழந்தைகள்கூடச் சொல்கிற வசை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். அந்தச் சங்கிலிகள் அன்று காலை கட்டப்பட்டவை அல்ல. நெடுநாளாக எல்லார் கண்ணிலும் பட்டவை, யாரும் குற்றமாக எழுதாதவை. மனநோய் உள்ளவர்களுக்கு நடந்த கொடுமை அது என்றாலும், கண்ணுக்குத் தெரிந்தும் பதிவேட்டில் ஏறாதது என்னவாகும் என்பதை இந்த மாவட்டத்தைவிட நன்றாக அறிந்த மாவட்டம் இருக்க முடியாது.

சட்டம் மட்டும் இருந்தால் போதாது, அது பதிவேட்டில் இறங்க வேண்டும் என்பதற்கு இங்கிலாந்தின் அனுபவத்தையும் உங்கள் முன் வைக்கிறேன். நாம் அறிவுசார் குறைபாடு என்று சொல்வதை அங்கே கற்றல் குறைபாடு என்கிறார்கள். ஊனத்தைக் காரணமாகக் கொண்ட பகைமையால் செய்த குற்றத்துக்குத் தண்டனையைக் கூட்ட வேண்டும் என்று அங்கே 2003ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம் சொல்லிவிட்டது. இருந்தும் லெஸ்டர்ஷயர் பகுதியில், கற்றல் குறைபாடு உள்ள 18 வயது மகளோடு வாழ்ந்த ஒரு தாய், தெரு இளைஞர்கள் வீட்டின் மேல் கல்லெறிவதையும் கேலி பேசுவதையும் பற்றிப் பல ஆண்டுகளில் 33 முறை காவல் துறைக்குச் சொன்னார். ஒவ்வொரு முறையும் அது தனித்த ஒரு சில்லறைச் சம்பவமாகவே எழுதப்பட்டது. 2007 அக்டோபரில் அந்தத் தாயும் மகளும் உயிரோடு இல்லை. அதன் பிறகு நடந்த விசாரணைகள், அந்தப் புகார்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்காததையும், வெறுப்புக் குற்றமாக அவற்றை அடையாளம் காணாததையும் காவல் துறையின் தவறாகக் குறித்தன.

அந்த நாட்டுக் காவல் துறையின் பதிவு விதி எளிமையானது. பாதிக்கப்பட்டவரோ வேறு யாராவதோ, இந்தக் குற்றத்துக்குப் பகைமையோ தப்பெண்ணமோதான் காரணம் என்று கருதினால், அதை வெறுப்புக் குற்றமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அது உண்மைதானா என்பதை விசாரணையும் நீதிமன்றமும் பிறகு பார்த்துக்கொள்ளும். நிறவெறியால் கொல்லப்பட்ட ஓர் இளைஞரின் வழக்கைக் காவல் துறை கையாண்ட விதம் பற்றி 1999இல் வெளிவந்த விசாரணை அறிக்கையிலிருந்து பிறந்த விதி அது. ‘வேறு யாராவது’ என்ற இரண்டு சொல்லைக் கவனியுங்கள். தனக்கு நடந்தது இன்னது என்று சொல்லத் தெரியாதவனுக்காக அக்காவோ, ஆசிரியையோ, ஏலத்தில் அழுத மீன்காரப் பெண்ணோ சொன்னாலும் அது பதிவாகும். 2022 மார்ச்சில் முடிந்த ஓராண்டில், ஊனம் என்ற தலைப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 14,242 குற்றங்கள் இப்படிப் பதிவாயின. அங்கே கொடுமை அதிகம் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது, அங்கே எண்ணுகிறார்கள். நம் நாட்டுத் தேசியக் குற்றப் பதிவகத்தின் ஆண்டறிக்கையில் பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், முதியோர் ஆகியோருக்கு எதிரான குற்றங்களுக்குத் தனி அத்தியாயம் இருக்கிறது, மாற்றுத்திறனாளிகளுக்கு இல்லை. பார்வையற்ற ஒரு பட்டியல் சாதிப் பெண்ணுக்கு நேர்ந்த பாலியல் கொடுமை பற்றிய ஆந்திர வழக்கில், 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே, பாலின வன்முறைக் கணக்கில் மாற்றுத்திறனையும் ஒரு கூறாகச் சேர்த்துத் தனியே தொகுப்பதைப் பதிவகம் பரிசீலிக்க வேண்டும் என்று எழுதியது.

டெல்லி எண்ணும் வரை ராமநாதபுரம் காத்திருக்க வேண்டியதில்லை. கண்காணிப்பாளர் அவர்களே, உங்கள் சுற்றறிக்கை ஒன்றாலேயே தொடங்கக்கூடிய வேலை இது. புகார் பெறும்போது, பாதிக்கப்பட்டவர் மாற்றுத்திறனாளியா, என்ன வகைக் குறைபாடு, அடையாள அட்டை எண் என்ன என்பதை ரசீதின் முதல் வரியிலேயே எழுதச் சொல்லுங்கள். குற்றம் செய்தவர்கள் சொன்ன வசைச்சொல்லை, அது எவ்வளவு அருவருப்பாக இருந்தாலும், ‘தகாத வார்த்தை’ என்று சுருக்காமல் அப்படியே எழுதச் சொல்லுங்கள். நோக்கத்துக்குச் சாட்சி அந்தச் சொல்தான். இதற்கு முன் இப்படி நடந்ததுண்டா என்று கேட்கச் சொல்லுங்கள், ஏனென்றால் புருவத்தை மழித்த இரவுக்கு முன்னால் ஏழெட்டு மாதம் பணம் போயிருக்கிறது, அதற்கும் முன்னால் என்னவெல்லாம் போயிற்றோ தெரியாது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் துணையோடு, அழைத்தால் வரக்கூடிய சிறப்பாசிரியர்களின் கைப்பேசி எண்களை ஒவ்வொரு நிலையத்தின் சுவரிலும் ஒட்டச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, 92ஆம் பிரிவில் எத்தனை புகார் வந்தது, எத்தனை முதல் தகவல் அறிக்கை ஆனது, எத்தனை சமாதானம் என்று முடிந்தது என்ற கணக்கை வெளியிடுங்கள். இந்தக் குற்றங்களுக்கென்று அமர்வு நீதிமன்றத்தைச் சிறப்பு நீதிமன்றமாகக் குறிக்கச் சட்டம் வழி செய்திருக்கிறது. நிலையத்தில் அந்தப் பிரிவை எழுதாதவரை அந்த நீதிமன்றத்துக்கு வழக்கு வராது.

விசாரணை இல்லாமல் யாரையும் சிறைக்கு அனுப்பச் சொல்லி நான் இதை எழுதவில்லை. அந்த நால்வரின் தாய்மார்களையும் எனக்குத் தெரியும், அவர்களில் ஒருவர் இரவில் வந்து என் தம்பியின் தலையைத் தடவிவிட்டுப் போனார். ஆனால் நடந்தது என்ன என்பதை அதன் பெயரால் எழுதிய பிறகுதான் மன்னிப்பதா தண்டிப்பதா என்ற பேச்சே தொடங்க முடியும். இப்போது பதிவேட்டின்படி, மன்னிக்க வேண்டியதே எதுவும் நடக்கவில்லை.

என் தம்பியின் மனுவை மறுபடி எடுத்து, 92ஆம் பிரிவில் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். ரசீதின் நகலையும் அந்தப் படத்தையும் தனியே பதிவுத் தபாலில் உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். அவனிடம் பேச வருகிறவர் சீருடை இல்லாமல் வந்தால் நல்லது. அவனுக்குப் பழக்கமான சிறப்பாசிரியையை நான் வரவழைத்து வைக்கிறேன். பகலில் அவன் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே இருப்பான், அங்கே வைத்து எதுவும் கேட்க வேண்டாம். மாலைப் பாங்குச் சத்தம் கேட்டதும் வீட்டுக்கு வந்துவிடுவான். முதல் கேள்வியாகத் தேதியைக் கேட்காமல், போட்டெல்லாம் போன ராத்திரி என்ன ஆச்சு என்று கேளுங்கள். அவன் சொல்லி முடிக்க நேரமாகும், இருட்டிய பிறகும் அவன் பேசிக்கொண்டிருந்தால் எங்கள் வீட்டில் விளக்கு இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு மீனவக் குடும்பத்தின் மூத்த மகள்,
ராமநாதபுரம் கடற்கரை.